பக்கத்துக் கட்டில்காரி சீமைக்குப் போய் வந்தது

ரங்கூன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் என் குரல். அந்தக் குரலும் என்னுடையதில்லை, பள்ளிக்கூடம் கொடுத்தது. நான் வாயைத் திறந்து "நம்பர் ப்ளீஸ்" என்றால் கம்பியின் அந்தப் பக்கம் இருக்கிற துரைமார் என்னை வெள்ளைக்காரி என்றே நினைத்துக்கொள்வார்கள். சிலர் மரியாதையாகப் பேசுவார்கள். ஒருவர் நான் சீமையில் எந்த ஊர் என்று கேட்டார். நான் இணைப்பைக் கொடுத்துவிட்டேன்.

நாள் முழுவதும் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் இணைப்புக் கயிறுகளைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருக்கும். சாயங்காலம் வெளியே வந்து சூலே பகோடாப் பக்கம் டிராமுக்கு நிற்கும்போது காது மடல் எரியும். தலையில் பட்டை அழுத்திய இடம் மரத்துப் போயிருக்கும். லத்தாப் பேட்டைக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்கு மாடிக் குடித்தனம். அம்மா எதையாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். தமிழில் பேச விருப்பமில்லாமல் இல்லை. பேச்சு என்றாலே அலுத்துப் போயிருந்தது.

என்னை ஏழு வயதில் அந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் சீமாட்டிகள் நடத்திய பெண்கள் பள்ளி. அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்க வேண்டும். அப்பா துறைமுக ஆபீசில் குமாஸ்தா. வெள்ளைக்காரிகளோடு வளர்ந்தால் பெண் எங்கேயும் தலைகுனியாமல் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார். அங்கே ஒரு வார்த்தை தமிழோ பர்மியோ வாயில் வந்தால் அன்றைக்கு இனிப்பு கிடையாது. இனிப்புக்காகவே நாங்கள் எங்கள் பாஷைகளை மறந்தோம் என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

படுக்கை அறையில் என் இடது பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். அப்பா வெள்ளைக்காரர், மர வியாபாரத்தில் இருந்தவர். அம்மா பர்மியப் பெண். இவள் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் அவளுக்கான படிப்புச் சம்பளம் ஏதோ ஒரு ஆபீஸ் வழியாகப் பள்ளிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி என்ற ஊரில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை கூடையில் பழம் எடுத்துக்கொண்டு வருவாள். அப்படிப்பட்ட அம்மாக்கள் பள்ளியின் கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. இவள் கேட்டுக்குப் போய் கூடையை வாங்கிக்கொண்டு, போன வேகத்திலேயே திரும்பி வருவாள். பழத்தை எங்களுக்குக் கொடுத்துவிடுவாள். தான் ஒன்றும் தின்னமாட்டாள்.

வலது பக்கத்துக் கட்டில்காரியும் மாவ்பிதான். அரிசி மில்காரர் மகள், முழுக்கப் பர்மியப் பெண். அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் இடது கட்டில்காரியிடம், "உன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன்" என்பாள். இவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டாள்.

படிப்பு முடிந்த அன்று தலைமை ஆசிரியையான பெரிய மிஸ் எங்களை நிறுத்தி, நீங்கள் எல்லோரும் சீமாட்டிகள், உலகம் உங்களை அப்படித்தான் நடத்தும் என்றார். உலகம் எங்களை எப்படி நடத்தியது என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. ஒருத்தி நர்ஸ் ஆனாள். ஒருத்தி ரயில்வே கார்டு ஒருவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போனாள். பியானோ வாசித்தவள் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்தாள். வலது கட்டில் மாவ்பிக்காரியின் அப்பா இறந்து போனதால் அவள் போய் மில்லைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தடவை நான் பார்த்தபோது கவுனும் காலணியும் போய், லுங்கியும் வெள்ளை ரவிக்கையும் கட்டியிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. நானும் இடது கட்டில்காரியும் எக்ஸ்சேஞ்சில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

குளிர் காலத்தில் வருஷா வருஷம் பழைய மாணவிகளுக்குப் பள்ளியில் தேநீர் விருந்து வைப்பார்கள். பெரிய மிஸ் எழுந்து யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்வார். நாங்கள் அதற்காகவே நல்ல உடை உடுத்திக்கொண்டு போவோம். என் முறை வரும்போது, "நகரத்தின் குரல் நம்முடைய பெண்ணின் குரல்" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். மறுநாள் காலை நான் போய் அதே நாற்காலியில் உட்காருவேன்.

ஒரு வருஷம் இடது கட்டில்காரி சீமைக்குப் போவதாக அவர் அறிவித்தார். "நம் பெண் ஒருத்தி தாய்நாடு போகிறாள்" என்றார். உண்மையில் அவள் ஒரு துரை குடும்பத்துக்குக் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவாகப் போனாள். கியாக்டடாப் பேட்டையில், பள்ளிக்குப் பணம் அனுப்பிய ஆபீசுக்கு நாலைந்து தடவை அலைந்து அப்பாவின் முகவரியை வாங்கி வைத்திருந்தாள். துறைமுகத்தில் வழியனுப்பும்போது அவளைக் கேட்டேன்.

"அவருக்குச் சொல்லியிருக்கிறாயா?"

"இல்லை. நேரில் போனால்தான் நல்லது."

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். எக்ஸ்சேஞ்சில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கை தூரம்தான் இருந்தது, ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலை முடிந்தால் இரண்டு பேருக்கும் பேசத் தெம்பு இருக்காது.

அந்த வருஷத் தேநீர் விருந்தில் பெரிய மிஸ் அவளைக் கையைப் பிடித்துப் பள்ளிச் சிறுமிகளுக்கு முன்னால் கூட்டிப்போனார். "இங்கிலாந்தைப் பற்றி இவர்களுக்குச் சொல்" என்றார்.

அவள் நின்று பேசினாள். பனி எப்படிப் பெய்யும், ஆறு எப்படி ஓடும், வசந்த காலத்தில் என்னென்ன பூ பூக்கும் என்று சொன்னாள். எல்லாம் எங்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது. வாக்கியம் கூட மாறவில்லை. சிறுமிகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெரிய மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலேயே ஆரம்பித்தாள்.

"அப்பாவைப் பார்த்தேன். கடற்கரை ஊர். தோட்டத்தில் செடி வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, நீ முதலில் எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்றார்."

"கோபமாகவா?"

"இல்லை. மெதுவாக. உள்ளே யாரோ இருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா ஒருத்தி தெருவில் வந்தாள். அவளிடம் என்னைக் காட்டி, கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண், வழி கேட்டு வந்திருக்கிறாள் என்றார். அது பொய்யும் இல்லையே."

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அவள் தொடர்ந்தாள்.

"ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். என் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான் என்றார். வண்டி கிளம்பும்போது தொப்பியைத் தூக்கினார். ஒரு சீமாட்டிக்குத் தூக்குகிற மாதிரி."

"அம்மாவைப் பற்றிக் கேட்டாரா?"

"கேட்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம் என்று ரயிலில் நினைத்தேன். என்ன சொல்வது? அவளுக்கு என்ன வயது என்று கூட எனக்குத் தெரியாது."

எனக்கு அவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. பள்ளியில் துக்கம் விசாரிக்க ஒரு பாடம் இருந்தது, ஆனால் அது இறந்தவர்களுக்கு.

அடுத்த வாரம் இருவருக்கும் லீவு வந்தபோது, "மாவ்பிக்கு வருகிறாயா?" என்றாள். ரயிலேறிப் போனோம். மில்லில் மாவ்பிக்காரி மூட்டைகளுக்கு நடுவே நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள். சீமை விஷயத்தைச் சொல்லி, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றதும் தலையில் இருந்த உமியைத் தட்டிவிட்டு, "வா, இத்தனை நாள் ஆயிற்றா உனக்கு" என்று கூட்டிக்கொண்டு நடந்தாள்.

சந்தையில் கருவாட்டுக் கடைகள் ஒரு வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் இடது கட்டில்காரியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நான் பார்த்த பெண்தான், இப்போது முடி நரைத்திருந்தது. மகளைப் பார்த்ததும் எழுந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த முக்காலியை லுங்கி முனையால் துடைத்து, துரைசானிக்குப் போடுகிற மாதிரி மகளுக்கு முன்னால் போட்டாள். இவள் அதில் உட்கார்ந்தாள்.

அம்மா பர்மியில் ஏதோ கேட்டாள். இவள் எங்களைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்" என்றாள் மாவ்பிக்காரி.

"அது புரிந்தது" என்றாள் இவள். ஆனால் பதில் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. தலையை ஆட்டினாள்.

சீமைக்குப் போய் வந்ததை மாவ்பிக்காரி எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் சௌக்கியமாக இருக்கிறாரா என்று.

"சௌக்கியம். தோட்டம் வைத்திருக்கிறார் என்று சொல்."

அந்த அம்மா அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தாள். இங்கேயும் வைத்தார், சீமையிலிருந்து செடி வரவழைத்து நட்டார், எல்லாம் முதல் மழையிலேயே அழுகிப் போயிற்று என்றாளாம். அதற்குள் யாரோ கருவாடு கேட்டு வந்ததால் எடை போடத் திரும்பிவிட்டாள். நாங்கள் வெயில் சாயும் வரை அங்கேயே இருந்தோம். ஒரு தடவை அந்த அம்மா மகளின் காலணியைக் குனிந்து பார்த்து, கால் வலிக்காதா என்று கேட்டாள். வலிக்கும் என்று இவளே பர்மியில் சொன்னாள். உச்சரிப்பைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்துவிட்டார்கள். இவளுக்கு முகம் சிவந்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் அவள் எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டாள். மில்லுக்கு ரங்கூன் கம்பெனிகளோடு இங்கிலீஷில் எழுத ஆள் தேவைப்பட்டது. மாவ்பிக்காரி அவளையே வைத்துக்கொண்டாள். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தாள். அது ஒன்றும் கதைகளில் வருகிற மாதிரி இல்லை. அந்த அம்மாவுக்கு மகள் கரண்டியால் சாப்பிடுவது பிடிக்காது. மகளுக்குக் கருவாட்டு நாற்றம் ஆகாது. சண்டை போடலாம் என்றால் ஒருத்தி பாஷை மற்றவளுக்கு முழுசாகத் தெரியாது. "சண்டை போடுகிற அளவுக்குப் பர்மி கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று அவள் ஒரு நாள் சொன்னபோது அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அடுத்த தேநீர் விருந்துக்கு நான் மட்டும் போனேன். பெரிய மிஸ் அவளைப் பற்றிக் கேட்டார்.

"மாவ்பியில் அரிசி மில்லில் இருக்கிறாள், மிஸ். அம்மாவோடு."

"அப்படியா" என்றார். "அவளுடைய உச்சரிப்பு எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணிடம் கேக் தட்டை நீட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

நான் எக்ஸ்சேஞ்சில் பிறகும் பல வருஷங்கள் இருந்தேன். அப்பா காலமான பிறகு வீடு என் சம்பளத்தில்தான் நடந்தது. லீவு கிடைத்தால் மாவ்பிக்குப் போவேன். அங்கே போனால் நாங்கள் மூன்று பேரும் ஏதோ பழங்கதை பேசுவோம் என்று என் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி எதுவும் இல்லை. மாவ்பிக்காரிக்கு மில் வேலை ஓயாது. மற்றவள் ஜன்னலடியில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள். நான் பாயை விரித்துப் படுத்தால் மத்தியானம் முழுக்கத் தூங்குவேன். யாரும் என்னிடம் நம்பர் கேட்கமாட்டார்கள். ஒரு தடவை கண் விழித்துப் பார்த்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சந்தையிலிருந்து நனைந்து வந்து, வாசலில் நின்று கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் எழுதுவதை விட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய தலையைத் துவட்டினாள். இரண்டு பேரும் பர்மியில் ஏதோ பேசினார்கள். எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.