பல்ப் எது, கப்பல் எது

போன கிழமை அம்மன் கோயில் திருவிழாவில், கனடாவிலிருந்து வந்திருந்த தவராசா தன் கைபேசியை என்னிடம் நீட்டினான். "மச்சான், லைட் பின்னால வாற மாதிரி ஒண்டு எடு. நீதானே அதில விண்ணன்." மனைவியையும் இரண்டு மகள்மாரையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டான். அமத்தினேன். முகங்கள் துல்லியமாக, வீதிப் பல்ப்புகள் பின்னால் லட்டு லட்டாக உப்பி விழுந்திருந்தன. இதே வித்தைக்காக ஒருகாலத்தில் நான் இரண்டு நாள் உள்ளே இருந்திருக்கிறேன்.

அப்போது என்னிடம் இருந்தவை மூன்று: எழுதுவினைஞர் வேலை, ஒரு பழைய கமரா, நான் பெரிய கலைஞன் என்ற எண்ணம். முதலாவது மட்டும்தான் சோறு போட்டது. ஃபிளாஷ் அடிப்பது கலியாணவீட்டுப் படக்காரர் வேலை என்பது என் கொள்கை. வீதி வெளிச்சத்திலேயே, ஆளை மூச்சுப் பிடிக்கச் சொல்லி எடுப்பேன். பத்துக்கு எட்டுப் படத்தில் ஆட்கள் ஆவி மாதிரி அலைவார்கள். அதையும் கலை என்றே சொல்லிக்கொள்வேன்.

தவராசா என் அறைத்தோழன். நாலு வருடம் இருவருக்கும் ஒரே சவர்க்காரம், ஒரே சீப்பு. ஒருநாள், "பொம்பிளை வீட்டார் படம் கேக்கினம். அடையாள அட்டையில நான் கோழிக்கள்ளன் மாதிரியடா" என்றான். அலுமாரியிலிருந்து என் நீலக் கட்டம் போட்ட சட்டையையும் எடுத்துப் போட்டுக்கொண்டான். பூச்சி உருண்டை மணம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்தப் பின்னேரம்தான் வரும்.

துறைமுகக் கரை வீதியில் அம்மன் கோயில் திருவிழாப் பல்ப் மாலைகள். அவனை அவற்றுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"சிரிக்கலாமோ?"

"சிரி. ஆனா அசையாதை."

"அதெப்பிடியடா?"

அமத்தி முடிக்கவும் டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. காவலரண்காரர். சண்டைக்காலம், துறைமுகப் பக்கம் கமரா தூக்கவே கூடாது. பல்ப்புகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவேயில்லை. அவர்கள் அதை மட்டும்தான் யோசித்தார்கள்.

"ரெண்டு பேரும் கூட்டாளியளோ?"

தவராசா, என் சட்டையோடு நின்று சொன்னான்: "இவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது, சேர். றோட்டால போன என்னை மறிச்சு நிக்கச் சொன்னவர்."

நாலு வருடத்தில் அவன் என்னை 'இவர்' என்றது அப்போதுதான். அவனைப் போகவிட்டார்கள், என்னை வைத்துக்கொண்டார்கள். திரும்பியும் பார்க்காமல் போனான்.

இரண்டாம் நாள், தமிழ் நன்றாகத் தெரிந்த ஓர் அதிகாரி கழுவிய படங்களை மேசையில் பரப்பினார்.

"இந்த உருண்டை எல்லாம் என்ன?"

"கோயில் பல்ப், ஐயா."

"எல்லாமோ? இதில பல்ப் எது, கப்பல் எது?"

என் கலை அவ்வளவு சிறப்பு. எனக்கே தெரியவில்லை.

பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்தார். முந்தின கிழமை அலுவலகத்தில் அதே நீலச் சட்டையோடு நான். "சட்டை ஒண்டுதானே? ஆர் இவன்? பேரைச் சொல்லு, நீ போகலாம்."

பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் என் கதிரையில் அவன் இருப்பான். சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டேன். அந்தச் சுருளில் ஒழுங்காக விழுந்திருந்த ஒரே இரவுப் படம் அது. நான் சொன்னேன் என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளியும் அசையாமல், சிரித்தபடி நின்றிருந்தான்.

"தெரியாது ஐயா. றோட்டால போன ஆள்."

"சட்டை?"

"கடையில மலிவாப் போட்டவங்கள். ஊரில பாதிப்பேரிட்ட இதுதான்."

அதிகாரி படங்களை அடுக்கிக் கோப்புக்குள் போட்டார். பின்னேரம் என் மேலாளர் வந்து கையெழுத்து வைத்து என்னை மீட்டார். கமராவும் படங்களும் அங்கேயே நின்றுவிட்டன. அறைக்கு வந்தால் தவராசாவின் பெட்டி இல்லை. சட்டையும் இல்லை. கோழிக்கள்ளன் படத்தையே அனுப்பி அந்தப் பெண்ணையே கட்டினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காவலரண் நின்ற இடத்தில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். படச்சுருள் என்றால் என்னவென்று அவன் மகள்மாருக்குத் தெரியாது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை.

கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு மகள்மாரிடம் சொன்னான்: "அந்தக் காலத்திலயும் இவன் என்னை இப்பிடி ஒண்டு எடுத்தவன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அது சரியா விழேல்லை, என்ன மச்சான்?"

"இல்லை," என்றேன். "நீ அசைஞ்சிட்டாய்."