அம்சவல்லிக்குப் புரியாத ரூஸ்வெல்ட்

அமெரிக்காவில் இரண்டு ரூஸ்வெல்ட்டுகள் ஜனாதிபதியாக இருந்தார்கள் என்பது அம்சவல்லிக்கு முதல் தடவை தெரியாது. ஒரே மனிதர்தான் விட்டு விட்டு நாற்பது வருஷம் ஆண்டார் என்று நினைத்துப் பரீட்சை எழுதினாள். தபால் வழியில் படிக்கும் எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு மட்டும் தேறாமல் நின்றுபோனது.

அவள் பிறந்தது பிள்ளைப்பாக்கம். கல்யாணத்துக்குப் பிறகு வாடகைக்கு இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை. பலகைக்கு முன்னால் நின்றபடி, நிறம் பார்த்து ஒயர்களைப் பதித்து டேப் சுற்றவேண்டும். கணவன் ஸ்ரீதர் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என்றைக்காவது உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போகவேண்டும், அது ஒரு பள்ளிக்கூடத்தில் என்றால் இன்னும் நல்லது என்பதுதான் அவள் படிப்புக்குக் காரணம்.

இரண்டாவது தடவை கவனமாகப் படித்தாள். முதல் ரூஸ்வெல்ட் தியோடர், அவருக்கு அப்புறம் டாஃப்ட், அப்புறம் வில்சன் என்று வரிசை பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது.

"ஏங்க, இந்த மொத ரூஸ்வெல்ட்டு நல்லவரா கெட்டவரா?" என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரீதரிடம் கேட்டாள். "நெலக்கரி சுரங்கத்துல ஸ்ட்ரைக் நடக்குது. மொதலாளி, தொழிலாளி ரெண்டு பேரையும் கூப்ட்டு ஒக்கார வைக்கிறாரு. கெட்டுப்போன கறிய டப்பால அடைச்சு விக்கக் கூடாதுன்னு சட்டம் போடுறாரு. அதே ஆளு, கால்வாய் வெட்டணும்னு கொலம்பியாவுலருந்து பனாமா பிரிஞ்சு வர்றதுக்குப் போர்க்கப்பல் அனுப்புறாரு. அப்புறம் சமாதானத்துக்கு நோபல் பரிசும் வாங்குறாரு."

"அந்தாளு இன்னா நம்ம சம்பந்தியா? எதுக்கு மார்க் குடுப்பானோ அத்த எழுதிட்டு வா."

"வில்சன் இன்னும் மோசம். உள்ளூர்ல கொழந்தைங்கள வேலைக்கு வைக்கக் கூடாதுன்றாரு. சின்ன சின்ன நாடுங்களும் தானே தன்ன ஆண்டுக்கணும்னு பேசுறாரு. ஹைட்டி நாட்டுக்குப் படைய அனுப்பினதும் அவருதான்."

"கொயம்பு ஊத்து" என்றான் ஸ்ரீதர்.

அந்த மாதம்தான் அவளைப் போலப் பெர்மனென்ட்டான கோமதியம்மாள் கம்பெனி பஸ்ஸில் விழுந்தாள். ஒரே பஸ்ஸில் பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று எல்லாப் பெண்களும் அடைந்துகொண்டு வருவார்கள். பாதிப் பேர் நின்றுகொண்டுதான். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் கோமதியம்மாளுக்கு மணிக்கட்டு உடைந்தது. மறுநாள் பெர்மனென்ட் பெண்கள் கேன்டீனை விட்டு லைனுக்குப் போக மறுத்தார்கள். கம்பெனியையே இழுத்து மூடவைக்க வேண்டும் என்று சிலர் கத்தினார்கள்.

அம்சவல்லி எழுந்து நிலக்கரிச் சுரங்கக் கதையைச் சொன்னாள். "அந்தத் தொழிலாளிங்க கேட்டது எல்லாம் கெடைக்கல. ஆனா கூலி ஏறுச்சு, வேல நேரம் கொறஞ்சுது. நடுவுல ஒருத்தர் ஒக்காந்ததாலதான் அது நடந்துது. நாமளும் லேபர் ஆபீசர வரச் சொல்லலாம்."

எல்லோருக்கும் அது பிடித்தது. பேசுவதற்கு அவளையே பிரதிநிதியாக்கினார்கள். லேபர் ஆபீசர் வந்தார், ஹெச்.ஆர். மேனேஜர் சுப்பராயன் எதிரில் உட்கார்ந்தார். டீ வந்தது. இரண்டாவது கூட்டத்தில் கம்பெனி இறங்கி வந்து, இனி ஊழியர் யாரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வரவேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டது. அம்சவல்லி கையெழுத்துப் போட்டாள். லைனுக்குத் திரும்பியபோது பெண்கள் கை தட்டினார்கள். வாழ்க்கையில் அவளுக்காக யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினாள். உட்கார ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் கிளம்பிய பிறகுதான், தினமும் பக்கத்தில் நின்று வரும் முத்துச்செல்வியைக் காணோம் என்பது உறைத்தது. முத்துச்செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் வேலை. அவள் மட்டுமல்ல, கான்ட்ராக்ட் பெண்கள் ஒருவரும் பஸ்ஸில் இல்லை. ஏறவந்தவர்களை செக்யூரிட்டி திருப்பி அனுப்பியிருந்தான்.

அம்சவல்லி நேராகச் சுப்பராயனிடம் போனாள்.

"யாரும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா கேட்டீங்க?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "ஊழியர்னா கம்பெனி ரோல்ல இருக்கறவங்க. கான்ட்ராக்ட் லேபருக்கு அவங்க கான்ட்ராக்டர்தான் வண்டி விடணும். ரெண்டாவது பஸ்ஸுக்கு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னதில் பொய் எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தாள். "அதுக்கு? நம்ம சீட்டை வுட்டுட்டு மறுபடியும் கம்பியப் புடிச்சிகினு தொங்கணுமா?" என்று கோமதியம்மாள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

வீட்டில் ஸ்ரீதர் உற்சாகமாக இருந்தான். கான்ட்ராக்ட் பெண்கள் எல்லாம் இப்போது ஷேர் ஆட்டோவுக்கு வருவதால் சவாரிக்குக் குறைவில்லை. "எவன் போட்ட அக்ரிமென்ட்டோ, நல்லா கீது" என்று சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை, "இன்னாடி, நான் இன்னா சொல்லிட்டேன்?" என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

பரீட்சைக்காகப் பனாமாவை மறுபடி எடுத்தாள். கால்வாய் உடன்படிக்கையில் பனாமாவின் சார்பாகக் கையெழுத்துப் போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பனாமாவின் தூதுக்குழு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், முத்துச்செல்வி உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோவில் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முத்துச்செல்வி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னக்கா, இங்ஙன வாரீக?"

"மனசு கேக்கல. நீங்கெல்லாம் இதுல வர்றப்போ நான் மட்டும் பஸ்ல..."

"நீங்க இதுல வந்தா எனக்கு என்னக்கா ஆவப்போவுது? அங்ஙன ஒரு சீட்டு காலியாப் போவும். அம்புட்டுதான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "கையெழுத்துப் போடுததுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

பரீட்சையில் வில்சனின் உள்நாட்டுச் சீர்திருத்தங்களையும் வெளிநாட்டுக் கொள்கையையும் மதிப்பிடச் சொல்லிக் கேள்வி வந்தது. பாதிப் பக்கம் புகழ்ந்து எழுதி, அடுத்த பாதியில் திட்டி எழுதினாள். 'முடிவுரை' என்று தலைப்புப் போட்டுவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் இரண்டும் ஒரே மனிதர் செய்ததுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எப்படியோ தேறிவிட்டாள்.

பஸ் விஷயத்தை அவள் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, கான்ட்ராக்டரையும் கூப்பிட்டு இன்னொரு கூட்டம் வைக்கச் செய்தாள். இந்தத் தடவை முத்துச்செல்வியையும் உள்ளே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எல்லோருக்கும் சேர்த்து இரண்டாவது பஸ் வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினாள். சுப்பராயன் எழுதிக்கொண்டார். பிறகு முத்துச்செல்வியைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

"பஸ்ஸு இருக்கட்டும் சார்" என்றாள் முத்துச்செல்வி. "நாலு வருசமா இந்தக்கா செய்யுத அதே வேலையத்தான் நானும் செய்யுதேன். என்னைய எப்ப பெர்மனென்ட் ஆக்குவீக?"

சுப்பராயன் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் போனை எடுத்துப் பார்த்தார். அம்சவல்லிக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் இவர்களுக்கு வேண்டியது பஸ் என்று யார் தனக்குச் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

கான்ட்ராக்ட் பெண்களுக்குக் காலையில் மட்டும் ஒரு வேன் விடுவதாக முடிவானது. சாயங்காலம் அவர்களாக வீடு போய்ச் சேரவேண்டும். முத்துச்செல்வி கேட்டதற்கு, மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகப் பதில். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை அம்சவல்லியின் முன்னால் நகர்த்தினார்கள். அவள் பேனாவைத் திறந்தாள். பிறகு காகிதத்தை முத்துச்செல்வியின் பக்கம் தள்ளினாள்.

"நீ படி. நான் அப்புறம் போடுறேன்."

முத்துச்செல்வி காகிதத்தை எடுத்து, அவசரப்படாமல், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.