நானூற்றுப் பதினேழின் மூன்றாவது சரணம்

சுரங்க ஊரான பிதோமில் தேக்லா கவ்லிக் யார் என்று ஆண்களிடம் கேட்டால், "லூசியான் தெரேஷ் எழுதின பாட்டைப் பாடுன பொண்ணுதானே?" என்பார்கள். அதையே பெண்களிடம் கேட்டால் கேட்டவருக்கு நல்ல வசவு கிடைக்கும். ஒரே ஊர், ஒரே பாட்டு, கதை மட்டும் இரண்டு. இதில் நடுநிலையாக நின்று இரண்டு பக்கத்தையும் சொல்லலாம்தான். எனக்கு மனம் வரவில்லை.

தேக்லா பதினெட்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளைத் தகட்டை ஜன்னலில் கொடுப்பான். அவள் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு அந்த எண்ணுள்ள விளக்கை எடுத்து நீட்டுவாள். ஷிப்டு முடிந்து விளக்கு திரும்பினால் தகடு அவனிடம் திரும்பும். யாருடைய தகடாவது கொக்கியிலேயே தொங்கினால் அவன் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம். அந்தச் சுவரைப் பார்த்தே வேலை பார்க்கிற பெண்களுக்கு ஆட்களின் முகம் மறந்தாலும் எண் மறக்காது.

நானூற்றுப் பதினேழு அவளுடைய அண்ணன் எவால்டின் எண். அவளுக்குக் கித்தார் கிடைத்ததே அவனால்தான். வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பலகையை அம்மாவுக்குத் தெரியாமல் கழற்றி, சுரங்கத்து மின்வேலைக்காரன் ஹூபர்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஹூபர்ட் பலகையைக் கித்தார் வடிவில் அறுத்து, பழைய தொலைபேசியின் காதுக்குழலைப் பிரித்து அதில் பொருத்தி, கம்பி கட்டி, உடைந்த ரேடியோ ஒன்றில் செருகினான். அது அலறிய அலறலில் மேல்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார். அம்மா மூன்று வாரம் மடியில் தட்டை வைத்துக்கொண்டே சூப் குடித்தாள், திட்டிக்கொண்டே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு நவம்பரில் கீழே பாறை சரிந்தது. பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து எல்லா விளக்கும் திரும்பின, ஒன்றைத் தவிர. தேக்லா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"போய் உக்காருடி, நான் பாத்துக்கறேன்," என்றாள் கூட வேலை பார்த்த த்ரூதா.

"அவன் வந்தா தகடை யாரு எடுத்துக் குடுக்கறது? நான்தான் குடுப்பேன்க்கா."

எவால்ட் வரவில்லை. அவன் இருந்த பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். பதினேழாம் நாள் அம்மாவின் பெயருக்குச் சுரங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 417 எண்ணுள்ள விளக்கு ஒப்படைக்கப்படவில்லை, விவரம் தெரிவிக்கவும் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். யாரோ ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே அதைத் தட்டச்சு செய்து, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறான். அவன் கை நடுங்கியிருக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் தேக்லா பாட்டை எழுதினாள். மூன்று சரணம்.

மற்றப் பையன்கள் ஆங்கிலப் பாட்டைக் காதால் கேட்டு, அர்த்தம் தெரியாமல் உளறிக்கொண்டிருந்த காலம் அது. 'ராக்' என்ற சொல்லே கம்யூனிஸ்ட் மேலிடத்துக்கு ஆகாது என்பதால் 'பிக் பீட்' என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் சொந்த மொழியில், சொந்த வார்த்தையில், சொந்த வீட்டுச் சாவை எங்கள் பக்கத்தில் முதலில் பாடியது இந்த விளக்கறைப் பெண்தான்.

*நானூற்றுப் பதினேழு, உன் தகடு தொங்குது,*
*எல்லா விளக்கும் வீடு வந்தாச்சு,*
*நீ எங்கே நிக்கிறே?*

என்று ஆரம்பிக்கும். சுரங்கத்துப் பண்பாட்டு மன்றத்தில் முதல்முறை பாடியபோது யாரும் கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றினார்கள்.

ஆனால் மன்றத்துக்கு வெளியே மேடை ஏறிப் பாடுவதற்கு அரசின் உரிம அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் தேர்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். மூன்று ஆண்கள் தேநீரோடு உட்கார்ந்து சுரம் படிக்கச் சொன்னார்கள். அமைச்சர் பெயரைக் கேட்டார்கள். பிறகு பாட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"எழுத்தாளர் சங்கத்துல உறுப்பினரா இருக்கீங்களா?"

"விளக்கறையில இருக்கேன்."

மூவரும் சிரித்தார்கள். உறுப்பினர் ஒருவரின் வரிகளாக இருந்தால் பரிசீலிக்கலாம் என்று தாளைத் திருப்பித் தந்தார்கள்.

மன்றத்தின் இசைப் பொறுப்பாளர் லூசியான் தெரேஷ் சங்கத்தில் உறுப்பினர். நல்ல டை, நல்ல பல், எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுகிற மனிதர்.

"இதுக்கா இவ்ளோ கவலை, பாப்பா? என் பேரைப் போட்டுக்கலாம். முத்திரைக்காக மட்டும். அட்டை வந்ததும் மாத்திடலாம்."

"மாத்திடுவீங்கல்ல சார்?"

"என்ன கேள்வி இது? நாம என்ன வேத்தாளா?"

பிறகு மூன்றாவது சரணத்தைப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே முகம் மாறியது. மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தாளின் கீழ்ப்பகுதியை நறுக்கென்று வெட்டி அவள் கையில் வைத்தார்.

"இதை நான் பாக்கவே இல்ல. புரிஞ்சுதா? பாக்கவே இல்ல."

தேக்லா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். இருபத்தொரு வயது. பாட வேண்டும், அண்ணனின் எண்ணை ஊர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது அவளுக்கு. அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்த வயதில் தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

அறுபத்து நான்கு டிசம்பரில், சுரங்கக்காரர்களின் காவல் புனிதை பார்பராவின் திருநாளுக்கு, அவர்களின் பீர் விருந்தில் வாசிக்க அழைப்பு வந்தது. நீள மேசைகளில் இரண்டு அணியாக உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டுப் போட்டி போட்டுக் குடிக்கிற விருந்து. ஏற்பாடு செய்தது பக்கத்துச் சுரங்கத்தார். வாசலில் இறகு வைத்த தொப்பியோடு நின்ற பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பொம்பளைங்களுக்கு உள்ள இடமில்லம்மா."

"கூப்பிட்டதே நீங்கதானே!"

"தெ. கவ்லிக்னு எழுதியிருந்துச்சு. தெயோடோரோ என்னமோ, ஆம்பளைப் பேருன்னு நினைச்சுட்டோம். சடங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் என்ன செய்ய?"

அவளோடு வாசிக்க இரண்டு பையன்களைக் கூட்டிவந்திருந்த ஹூபர்ட் கித்தாரைக் கீழே வைத்தான். "அப்ப நாங்களும் போகல."

"போங்கடா," என்றாள் தேக்லா. "பாட்டாவது உள்ள போகட்டும்."

பனியில் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள். முதல் சரணத்தை ஹூபர்ட் பாடினான். இரண்டாவதை முந்நூறு ஆண்கள் பாடினார்கள், மேசையைத் தட்டிக்கொண்டு. எவால்ட், கேக்குதா என்று சொல்லிக்கொண்டாள். அப்போது உள்ளிருந்து விருந்துத் தலைவரின் குரல் வந்தது. "இந்தப் பாட்டை எழுதின நம்ம லூசியான் தெரேஷ் இங்கேயே இருக்கார்! எந்திரிங்க சார்!"

எழுந்தார். மேசை அதிரத் தட்டினார்கள். இல்லை, இது வெளியே நிற்கிறாளே அவள் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஹூபர்ட்டும் சொல்லவில்லை. பின்னாளில் ஹூபர்ட் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த ஒரு மௌனத்துக்காக ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கினான். அது அவனுக்குத் தகும்.

மறுநாள் தேக்லா மன்றத்துக்குப் போனாள். இசைத்தட்டு வரும்போது மாற்றிவிடலாம் என்றார் தெரேஷ். இசைத்தட்டு வந்தது, அவர் பெயரோடு. அடுத்த பதிப்பில் என்றார். அடுத்த பதிப்புக்குள் தலைநகர் வார்சாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சங்கத்துக்கு அவள் மூன்று கடிதம் எழுதினாள். படிவத்தில் உள்ள கையெழுத்து உங்களுடையதே என்று பதில் வந்தது. ஒருநாள் வானொலியில் அவருடைய பேட்டி. "அன்னிக்கு மழை பெஞ்சுட்டு இருந்தது. ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தேன். சட்டுனு மனசுல ஒரு எண் தோணிச்சு, நானூத்திப் பதினேழு. ஏன்னு எனக்கே தெரியல."

தோன்றியதாம்! சுவருக்குப் பின்னால் கிடக்கிறவனின் எண் இவருக்கு மழையில் தோன்றியதாம்! தேக்லா கையிலிருந்த உருளைக்கிழங்கை வானொலிப் பெட்டிமேல் எறிந்தாள். அந்தப் பெட்டியில் இன்றைக்கும் ஒரு பக்கம் விரிசல் இருக்கிறது.

ஐந்து வருஷம் ஊர் ஊராகப் பாடினாள். லாரியின் பின்னால் குளிரில் உட்கார்ந்து போவாள், தொழிற்சாலைக் கூடங்களில், பள்ளிக்கூட மண்டபங்களில் பாடுவாள். முப்பது பாட்டு எழுதினாள். ஒவ்வொன்றையும் பதிவு செய்யப் போகும்போது நல்ல டை கட்டிய இன்னொருவர் வந்து, பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பார். அவள் மாட்டேன் என்பாள். முப்பதில் ஒன்றுகூட இசைத்தட்டில் ஏறவில்லை. அறுபத்தொன்பதில் அட்டையைப் புதுப்பிக்க மறுத்தார்கள், மறுபடி விளக்கறைக்கே வந்துவிட்டாள். 'ஒரே பாட்டோடு காணாமல் போன பாடகி' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவள் எங்கும் காணாமல் போகவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஜன்னலில்தான் நின்றாள்.

ஆண்களுக்கு பீர் விருந்து என்றால் எங்கள் பெண்களுக்கும் ஒன்று உண்டு. பிப்ரவரியில், தவக்கால நோன்புக்கு முன்னால், பெண்கள் மட்டும் கூடுகிற கூத்து. மீசை வரைந்துகொண்டு, கணவனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருவார்கள். தப்பித்தவறி ஒரு ஆண் உள்ளே வந்தால் டையைக் கத்தரித்து அனுப்புவார்கள். தேக்லா திரும்பி வந்த வருஷம் அந்தக் கூத்தில் த்ரூதா மேசைமேல் ஏறி நின்றாள்.

"ஏய், அவனுங்க ரெண்டு சரணம்தான் பாடறானுங்க. மூணாவது இருக்குன்னு இவ சொல்றா. பாடுடி, கேப்போம்!"

தேக்லா பாடினாள். அதன் பிறகு ஒவ்வொரு பிப்ரவரியும் பாடினார்கள். அம்மாக்கள் பெண்களைக் கூட்டிவந்தார்கள், அந்தப் பெண்கள் தங்கள் பெண்களைக் கூட்டிவந்தார்கள். ஊரில் ஆண்களுக்கு இரண்டு சரணம், பெண்களுக்கு மூன்று என்று முப்பத்தைந்து வருஷம் போயிற்று. சுரங்கத்தையே மூடினார்கள். கூத்தை யாராலும் மூட முடியவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் பாட்டுக்கு நாற்பதாம் ஆண்டு விழா எடுத்தார்கள். பழைய மன்றத்திலேயே, வானொலியில் நேரடி ஒலிபரப்போடு. லூசியான் தெரேஷுக்குப் 'பிக் பீட்டின் தந்தை' என்று பட்டம். தேக்லாவுக்கு 'முதலில் பாடியவர்' என்று ஒரு பூங்கொத்து. அறுபத்தொரு வயதில் மேடை ஏறினாள். முன்வரிசையில் த்ரூதா கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் கூடம் நிறையப் பெண்கள்.

தெரேஷ் தழுவிக்கொள்ள வந்தார். "நம்ம பாப்பா இன்னும் அப்படியே இருக்கா!"

தேக்லா இரண்டு சரணம் பாடினாள். குரல் கரடுமுரடாகிவிட்டிருந்தது, ஆனால் பிசகவில்லை. கைதட்டல் எழும்போது கையை உயர்த்தி நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினாள்.

"மூணாவது சரணத்தை எழுதினவரே பாடட்டும்."

அவர் சிரித்தார். "மூணாவதா? இந்தப் பாட்டுக்கு ரெண்டுதானேம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நீங்க எழுதின பாட்டு."

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான் பாத்ததே இல்ல."

"அதையேதான் அன்னிக்கும் சொன்னீங்க," என்றாள் தேக்லா. "கத்திரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டு."

அவர் முகம் வெளுத்தது. அறிவிப்பாளர் தாளைப் புரட்டினார். அதற்குள் த்ரூதா கைத்தடியைத் தரையில் தட்டித் தாளம் போட்டாள், கூடத்துப் பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

*கடுதாசி வந்தது அம்மா பேருக்கு,*
*விளக்கு எங்கேன்னு கேட்டது.*
*விளக்கோடு போனவன் எங்கேன்னு கேட்க*
*ஒரு வரி அதிலே இல்லையே,*
*நானூற்றுப் பதினேழு, ஒரு வரி இல்லையே.*

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன்மார்கள் வாயைப் பிளந்தார்கள். "உனக்கு எப்படிடி தெரியும் இது?" என்று ஒருவர் கேட்டது வானொலியிலேயே கேட்டது. "டையை வெட்டுங்கடி!" என்று யாரோ கத்தியதும் கேட்டது. தெரேஷ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனார். ஹூபர்ட் எழுந்து நின்று, "எழுதினது தேக்லா! என் பொண்டாட்டி! நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்!" என்று கத்திவிட்டு அழுதான். நாற்பது வருஷம் தாமதம் என்றாலும் சொன்னான்.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் அலுவலகங்களை அறியாதவர்கள். பதினேழு நாள்கூட ஆகவில்லை, சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நேரடி ஒலிபரப்பில் பாடப்பட்ட மூன்றாவது சரணம் பதிவு செய்யப்படாதது. அதைப் பாட்டோடு சேர்க்க விரும்பினால், பாடலாசிரியர் திரு. லூசியான் தெரேஷின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு விண்ணப்பிக்கவும். கீழே முத்திரை.

தேக்லா அதை இரண்டு முறை படித்தாள். அலமாரியிலிருந்து அந்தப் பழைய தாள் துண்டை எடுத்தாள். ஒரு பக்கம் அவள் எழுதிய மூன்றாவது சரணம். மறுபக்கம், அம்மாவுக்கு வந்த விளக்குக் கடிதத்தின் அடிப்பகுதி. அதிலும் ஒரு முத்திரை. இரண்டையும் சமையல்மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடி செய்யப் போறே?" என்றான் ஹூபர்ட்.

"கத்திரிக்கோல் எங்க?"

சங்கத்தின் கடிதத்தில் லூசியான் தெரேஷின் பெயர் இருந்த வரியை மட்டும் நறுக்கி எடுத்தாள். ஓட்டை விழுந்த கடிதத்தை மடித்து உறையில் வைத்து, அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதி அவர்களுக்கே திருப்பி அனுப்பினாள்:

"இதை நான் பார்க்கவே இல்லை. எழுதியவர், தேக்லா கவ்லிக்."