கடைசிப் பாட்டுக்குப் பிறகு

எங்கள் அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லோரும் ‘மாடி மாமா’ என்போம். நாள் முழுக்க மேலே போவார், கீழே வருவார். ஆனால் ஓரடி நடக்கமாட்டார். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று வாதாடிய ஆள். வரவேற்பு மேசையில் இருக்கும் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நடக்கவைத்தது மகள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன், பழைய சினிமாப் பாட்டுகளாகப் பொறுக்கி, வீட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அவர் போனிலேயே பதிவு செய்து கொடுத்தாள். முதலில் நிதானமான தாளம், நடுவில் காலைச் சும்மா விடாத குத்துப் பாட்டுகள், முடிவில் மூச்சு சீராக ஒரு மெல்லிய மெட்டு. பதிவை நிறுத்த மறந்துபோனதால், அதற்கும் பிறகு அவள் குரல் விழுந்துவிட்டது: “அப்பா, சாப்பிட வாங்க. ஆறிடப் போகுது.”

அந்தக் குரலுக்காக மனிதர் தினமும் பூங்காவைச் சுற்றினார். நேரே கடைசிக்குத் தள்ளிக் கேட்கலாமே என்றேன். நடுவில் இருக்கிற மாடியையெல்லாம் தாண்டாமல் உச்சிக்கு எப்படிப் போவது என்று முறைத்தார். குத்துப் பாட்டு வந்தால் அவர் கை வீசும் வேகத்தில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். தொப்பை கரைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. ஆனால் நடந்து முடித்து, ஆளில்லாத வீட்டுக்குப் போய், தனக்குத் தானே பரிமாறிக்கொள்வார்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா நடக்கிறார் என்ற பூரிப்பில், இன்னும் வேகமான பாட்டுகளாகப் புதுத் தொகுப்பு ஒன்றை அனுப்பினாள். பழையதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று போன் கேட்டது. ‘சரி’ என்ற பொத்தான் ஒளிர்ந்தது. ஒளிர்கிற பொத்தானைக் கண்டால் அழுத்துவதுதானே காலமெல்லாம் அவர் தொழில்? அழுத்திவிட்டார்.

அழிந்ததை மீட்க முடியாது என்று போன் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். அன்றோடு நடை நின்றது. சர்க்கரை பழையபடி ஏறத் தொடங்கியது.

நடை நின்ற விஷயம் தெரிந்து மகள் கூப்பிட்டாள். மதிய இடைவேளை, என் மேசையருகே ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, திட்டையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பாட்டு பிடிக்கவில்லையா, முட்டி வலியா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். மழுப்பிப் பார்த்து, முடியாமல், அழிந்துபோன குரலைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

“இவ்வளவுதானாப்பா? இப்பவே அதே மாதிரி பேசி அனுப்பறேன்.”

“வேணாம்மா,” என்றார் மாமா. “அன்னிக்கு நீ வீட்டுல இருந்த.”