ஈரத்தில் இடிந்த படிகம்

தென்காசியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் போனது ஓய்வெடுக்கத்தான். ஆனால் படுத்தால் புரண்டேன். எழுந்தால் போனைத் தேடினேன்.

நான் வேதியியல் ஆய்வு செய்கிறவள். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே வெறும் துளைகளாக இருக்கும் படிகங்களைச் செய்வது என் வேலை. பார்த்தால் சாதாரணத் தூள். புகையிலிருக்கும் கரியமில வாயு அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி நாங்கள் செய்த ஒரு படிகத்தைப் பற்றிய கட்டுரை எப்படியோ உலகம் சுற்ற ஆரம்பித்திருந்தது. வேறு யாராவது அதைத் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டால் மேற்கோள் எண்ணிக்கை கூடும். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. குளித்துவிட்டு வந்தும் பார்ப்பேன், சாப்பிடும்போதும் பார்ப்பேன்.

அன்று காலையில் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தது. சந்தோஷமாகப் புதிய கட்டுரை ஒன்றைத் திறந்தேன். எங்கள் படிகம் ஈரக் காற்றில் நிற்கவில்லை, அதன் கட்டமைப்பே இடிந்து போகிறது என்று எழுதியிருந்தார்கள். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"ஏட்டி, உன்னையக் குறை சொல்லி எழுதினாலும் கணக்குல கூடுமா?"

"கூடும்."

"பெறகென்ன, நல்லதுதான? கெளம்பு, சீசன் அருமையா இருக்கு. அருவிக்குப் போவோம்."

குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காரில் இருந்த அத்தானிடம் போனைக் கொடுத்துவிட்டு, பெண்கள் வரிசையில் நின்றோம். அருவி தலையில் இறங்கியபோது எல்லோரும் கூச்சலிட்டார்கள். நான் மட்டும் எங்கள் ஆய்வகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அது வடக்கே, காற்றில் ஈரமே இல்லாத ஒரு நகரத்தில் இருக்கிறது. சில மணி நேரம் ஈரத்தைத் தாங்கியது என்றுதான் எழுதியிருந்தோம். படித்தவர்கள் அதைத் 'தாங்கும்' என்று எடுத்துக்கொண்டார்கள். மேற்கோளுக்கு மேற்கோள் அந்தச் சொல் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது.

"ஏட்டி, தள்ளி நில்லு, பின்னால ஆளு நிக்குதுல்லா!" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

தலைகூடத் துவட்டாமல் காருக்கு வந்தேன். "உனக்குப் போன் வந்துகிட்டே இருக்கு," என்றார் அத்தான். அந்தப் படிகத்தை என்னோடு சேர்ந்து செய்த பழைய மாணவி அழைத்திருந்தாள். இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"மேடம், பார்த்தீங்களா? மறுப்பு எழுதிடுவோமா?"

"எதை வச்சு மறுக்கிறது? நாம நாள்கணக்குல ஈரத்துல வச்சுப் பார்க்கவே இல்லையே."

மழைச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"முதல்ல செஞ்சு பார்க்கிறேன்," என்றேன்.

மறுநாளே கிளம்பினேன். "வந்த காலோட போறியே, இது என்ன லீவு?" என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அத்தான் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அவர் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

ஆய்வகத்தில், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரக் காற்றை நிரப்பித் தூளை வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரே வரைபடத்தில், ஊசி ஊசியாக எழும்ப வேண்டிய கோடுகள் மழுங்கிக் கிடந்தன. படிகம் இடிந்திருந்தது. அந்தக் கட்டுரைக்காரர்கள் சொன்னது சரி. ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

அவர்களுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. நானும் மாணவியும் அவர்களும் சேர்ந்து, தண்ணீரை ஒட்டவிடாத மூலக்கூறுகளால் அதே படிகத்தை மாற்றிக் கட்டினோம். அது வாரக்கணக்கில் நின்றது. இந்த முறை எத்தனை நாள், எவ்வளவு ஈரம் என்று முதல் பத்தியிலேயே எழுதினோம்.

அந்தக் கட்டுரையை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. பழையதற்குத்தான் இன்னும் மேற்கோள் கூடுகிறது. பதவி உயர்வும் அதை வைத்தே வந்தது. பழையதைத் 'தாங்கும்' என்று யாராவது குறிப்பிட்டால் புதியதை அனுப்பி வைக்கிறேன். சிலர் நன்றி சொல்கிறார்கள், பலர் பதிலே போடுவதில்லை. இன்று காலையில்கூட ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன்.