வெள்ளிக்கிழமை வளையல் சோதனை

என் பெண்ணுக்கு மூன்று வயதாகிறது. ஒரு கிண்ணம் பருப்புஞ்சாதம் அவள் வயிற்றுக்குள் போவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. நிறைய ஊட்டினால் மந்தம் தட்டும் என்கிறார் டாக்டர். குறைத்தால் குழந்தை வற்றிவிட்டது என்கிறார்கள் வீட்டில். நான் இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டு, இருவரிடமும் முழு வசவு வாங்குகிறேன். இந்த மாதிரி சமயங்களில் அம்மாவின் ஞாபகம் வருகிறது. கூடவே மணிக்கட்டும் வலிப்பதுபோல் இருக்கிறது.

அப்போது கல்கத்தாவில் பவானிபூரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு பாங்கில் உத்தியோகம். எனக்குப் பத்து வயது. டிராம் ரோட்டுக்குப் பின்னாலிருந்த பெண் பள்ளிக்கூடத்தில் வங்காளப் பெண்களோடு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஒரு புது தீதிமணி, அதாவது வாத்தியாரம்மா, வந்து சேர்ந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்தேதான் பெண்கள் நோயாளிகளாகிறார்கள் என்பது அவள் கட்சி. தினமும் காலையில் முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் கையை வீசு, காலைத் தூக்கு, குதி என்பாள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி ஊறவைத்த கொண்டைக்கடலை, பச்சையாக, இஞ்சித் துண்டோடு. பொரித்த பண்டம் தொடக்கூடாது, பழம் தின்ன வேண்டும், நடக்க வேண்டும். எனக்கு அவள் சொன்னதெல்லாம் வேதம்.

இது வீட்டுக்குத் தெரிந்தது. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, பொண்ணைப் படிக்க அனுப்பினியா, குதிரைக்கு வைக்கறதைத் தின்ன அனுப்பினியா?"

"கொஞ்ச நாள் பார்க்கலாமே, அக்கா" என்றார் அப்பா. எந்தக் கேள்விக்கும் அவரிடமிருந்த பதில் அது ஒன்றுதான்.

"என்னத்தைப் பார்க்கறது? நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கப்போற பொண்ணு. துரும்பா இளைச்சு நின்னா யாருடா பண்ணிப்பா?"

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. நான் இளைக்காத வரையில் பள்ளிக்கூடம். இளைத்தால் அன்றோடு நின்றுவிட வேண்டும். அளந்து பார்க்க அத்தையிடம் தராசு இல்லை, என் கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல் இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் ஆனதும் கையை நீட்டச் சொல்லி, வளையலை விரல் பக்கமாக இழுப்பாள். கட்டைவிரல் முட்டியில் தடுத்து நின்றால் பிழைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகாத கையில் எந்த வளையல் நிற்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவைப் பயம் பிடித்துக்கொண்டது. அடையின் மேல் வெண்ணெய், சாதத்தின் மேல் நெய், பள்ளிக்கூடத்துக்குச் சம்புடம் நிறையத் தேங்காய் பர்பி. பர்பியைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நான் கடலையை மென்றேன். பூஜை லீவுக்கு முன்னால் தாய்மார்களை அழைத்து டிரில் செய்து காட்டப்போவதாகத் தீதிமணி சொல்லியிருந்தாள். நன்றாகச் செய்கிறவர்களுக்கு முன் வரிசை. எனக்கு இடம் நிச்சயம் என்றும் சொல்லியிருந்தாள். நெய்யைத் தின்று அதைக் கெடுத்துக்கொள்வேனா?

ஒரு வெள்ளிக்கிழமை வளையல் முட்டியைப் பாதி தாண்டிவிட்டது. அத்தை என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வெள்ளி. அப்புறம் என்னை யாரும் குத்தம் சொல்லப்படாது."

தனியாகத் தெருமுனை தாண்டாத அம்மா, அத்தை தூங்கிய ஒரு மத்தியானம் என்னைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வளையல் நிறம் மங்கிவிட்டதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. வளையல்காரி என் கையை அமுக்கிப் பார்த்து ஒரு கொத்தை எடுத்தாள். அம்மா தலையை ஆட்டிவிட்டு, அதைவிடச் சிறிய கொத்தைக் காட்டினாள். அதே பச்சை.

"சோட்டோ ஹோபே, மா" என்றாள் வளையல்காரி. சின்னதாக இருக்குமாம்.

"ஹோக்" என்றாள் அம்மா. இருக்கட்டும் என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச வங்காளியில் அதுவும் ஒன்று.

எனக்கு மானம் போயிற்று. "அம்மா, இது எனக்குப் பத்தாது. உனக்குச் சொல்லத் தெரியலை, நான் பேசறேன்."

"நீ வாயை மூடிண்டு கையை நீட்டு."

வளையல்காரி பழசைக் கழற்றிவிட்டு, சோப்பைக் குழைத்துத் தடவி, எலும்பை மடக்கி ஒவ்வொன்றாக ஏற்றினாள். நான் அழுதேன். அம்மா எதிரிலிருந்த கொய்யாப்பழக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது, "அத்தைகிட்ட கடைக்குப் போன கதையெல்லாம் அளக்காதே" என்றாள். அளவு தெரியாமல் வாங்கிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை இழுத்தாள். வளையல் அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உடம்பு பிடிச்சிருக்கு" என்றாள் அத்தை. "நான் கண்டிப்பா இருந்ததாலதான் ஆச்சு. இல்லேன்னா இவ அம்மா கோட்டை விட்டிருப்பா."

"அப்போ போயிட்டு வரட்டுமே, அக்கா" என்றார் அப்பா.

டிரில் காட்டும் நாளன்று, கண்ணாடி உடைந்தால் கையைக் கிழிக்கும் என்று தீதிமணி எல்லோரையும் வளையலைக் கழற்றச் சொன்னாள். எல்லோருடையதும் கழன்றது. என்னுடையதை அவளே இழுத்துப் பார்த்துவிட்டு, "நீ பின்னால் போய் மெதுவாகக் கையை அசை, போதும்" என்றாள். கடைசி வரிசையில், ஓர் உயரமான பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாய்மார் கூட்டத்திலிருந்து அம்மா எங்கள் முன் வரிசை முழுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தது அந்த முதுகின் ஓரமாகத் தெரிந்தது. நன்றாகத் தேடட்டும் என்றிருந்தது எனக்கு.

அதற்கப்புறம் அம்மாவோடு நான் சரியாகப் பேசவில்லை. கன்றிப்போன மணிக்கட்டில் அவள் எண்ணெய் தடவ வந்தால் கையை உதறிக்கொள்வேன். கடையில் கை அளவுகூடச் சொல்லத் தெரியாத ஓர் அம்மா.

பூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. புறப்படுவதற்கு முன், பெரிய மனசு பண்ணி என்னை மேலே படிக்க விட்டதற்காக அத்தையை விழுந்து நமஸ்காரம் பண்ணினேன். அத்தை மகராஜியாக இருக்கும்படி வாழ்த்தினாள். சமையலறை வாசலில் அம்மா பர்பிச் சம்புடத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அதை வாங்கிக்கொள்ளாமலே டிராம் ரோட்டை நோக்கி ஓடினேன்.