அத்தை திறக்காத கதவு

அத்தை வாங்கிவந்த மிசினை வண்டியிலிருந்து இறக்கியதும், எங்கள் நைனா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரே தபா எவ்ளோ இட்லி வேவும்?" என்று கேட்டார். அத்தை சிரிக்கவில்லை. அது துணி காயவைக்கிற மிசின். சென்னையில் ஏதோ ஓட்டலை இழுத்து மூடியபோது விலைக்கு வந்தது. உள்ளே ஒரு பெரிய டிரம், நான் குந்தி உட்கார்ந்தால் தலை தட்டாது. முன்னால் வட்டமான கண்ணாடிக் கதவு. கீழே பஞ்சு பிடிக்கிற தட்டு. காற்றுக்கும் வெயிலுக்கும் பஞ்சமே இல்லாத ஏரிக்கரையில் துணி காய்வதற்கு மிசின் வாங்கியவளை ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

பேசியவர்கள் எல்லாரும் எங்கள் காற்றில் காய்ந்த துணியைத்தான் உடுத்திக்கொண்டிருந்தார்கள். பழவேற்காட்டுக் காற்றில் உப்பு உண்டு. காலையில் மொடமொடவென்று இருக்கும் துணி சாயங்காலம் பிசுபிசுக்கும். நமக்கென்ன, பழகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரன் ஒத்துக்கொள்வானா? பொன்னேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளுத்துக் கொடுக்கும் வேலையை அத்தை பிடித்திருந்தாள். மழை மாதம் வந்தால் வேலை கைவிட்டுப் போகும் என்ற நிலைமை. அதற்குத்தான் இந்த மிசின்.

அத்தைக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளை எளாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் வீங்கிய கன்னத்தோடும் ஒரு கைப்பையோடும் வந்து நின்றாள். நாலு பேரை வைத்துப் பேசி அனுப்பிவிடலாம் என்றார் நைனா. "அவ எங்கியும் போவ மாட்டா. இது அவ வூடு," என்று சொன்னது எங்கள் அம்மா. அண்ணியும் நாத்தனாரும் என்றால் மற்ற வீடுகளில் எப்படியோ, எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அதைப் பார்த்து நைனாவுக்குச் சிலசமயம் கடுப்புக்கூட வரும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஐஸ் கொட்டகையில் மிசின் ஏறியது. அதைப் பொருத்த சென்னையிலிருந்து ஒருத்தர் வந்தார். ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தார், காலுக்குக் கால் போல்ட் போட்டுச் சிமென்ட்டில் இறுக்கினார். காஸ் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, டியூப் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவி, எங்கேயாவது குமிழ் விடுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். சுவரில் ஓட்டை போட்டு, சூட்டுக்காற்று வெளியே போக ஒரு தகரக் குழாயை விட்டார். எல்லாம் முடிந்ததும் அத்தையை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தோ பாரு, துணி காயசொல்லோ பஞ்சு பறக்கும். பாதி தட்டுல நிக்கும், மீதி குழாய் வழியாப் போவும். தட்டை ஒவ்வொரு வாட்டியும் வழிச்சிரு. குழாய் வாயில எதையும் கட்டாத. எண்ணெத் துணி, டீசல் துணி உள்ள போவக் கூடாது. பொகை வந்துச்சுனா காஸை மூடு, மெயினை எறக்கு. கதவை மட்டும் தொறக்காத. உள்ள காத்து பூந்துச்சோ, குபுக்குனு புடிச்சிக்கும்."

அத்தை இதை மனப்பாடம் செய்தாள். தான் செய்தது போதாது என்று எங்களையும் சொல்லவைத்தாள். அம்மா சொன்னாள், நான் சொன்னேன், நாலு வயசுத் தம்பிகூட மழலையில் சொன்னான். நைனா மட்டும் பாதியில் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

மிசின் நன்றாகத்தான் ஓடியது. வம்பு மைனாவால் வந்தது. குழாயின் வாய் கதகதப்பாக இருப்பதைக் கண்டுபிடித்த ஒரு மைனா ஜோடி, மிசின் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து வைக்கோலும் குப்பையும் கொண்டுவந்து திணித்தது. அத்தை ஒட்டடைக் கம்பால் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோனாள். தங்கச்சி படும் பாட்டைப் பார்த்து நைனாவுக்கு மனசு கேட்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோயிருந்த ஒரு காலையில், பழைய இறால் வலையிலிருந்து ஒரு துண்டை அறுத்து, குழாய் வாயில் இழுத்துக் கட்டிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, முடிச்சு அவ்வளவு நேர்த்தி.

"எதையும் கட்டக் கூடாதுனு அந்த ஆளு சொன்னாரே," என்றாள் அம்மா.

"துணி கட்டுனாத்தான் தப்பு. வலைல எங்கனா காத்து நிக்குமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வலையில் காற்று நிற்காது. பொடி இறாலைக்கூட விடாத கண்ணியில் வேறு எது நிற்கும் என்பதை, விவரம் தெரிந்த நாளிலிருந்து வலை இழுக்கிற மனிதர் யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றவில்லை என்பதுதான் சரி. தண்ணீரில் வலை என்றால் அவருக்கு மீன் பிடிக்கிற பொருள், வெயிலில் வலை என்றால் ஓட்டைகள்.

அதற்குப் பிறகு விரிப்புகள் காய நேரம் பிடித்தது. ஐப்பசி ஈரம் என்று அத்தை நினைத்தாள். மிசின் முன்னைவிட அனலாக அடித்தது. அதற்கும் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதற்கு நடுவில் தம்பி ஒருநாள் நின்றிருந்த மிசினுக்குள் ஏறி, விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு சுருண்டுவிட்டான். அத்தை அவனை இழுத்துப்போட்டு முதுகில் ஒன்று வைத்தாள். அவனை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை. அம்மாவும், "இன்னொண்ணு குடு," என்றாள்.

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாள். கொட்டகைக்குள் நான் சுவர் ஓரமாக உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை ஓடுகிற மிசினை நிறுத்தி, கதவைத் திறந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். கொட்டகைக்குள் டவர் கிடைக்காது, எனவே வெளியே போய்க் கூரைக்கடியில் நின்று பேசினாள். கதவு திறந்தே கிடந்தது. திரும்பி வந்தவள் கதவைச் சாத்தி மிசினைப் போட்டாள். நான் என் உறைகளிலேயே கவனமாக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வந்தது. மிசினின் பின்பக்கமிருந்து பழுப்பாகப் புகை கசிந்தது. அத்தை வெளியே ஓடி காஸை மூடினாள், உள்ளே ஓடி மெயினை இறக்கினாள். டிரம் இரண்டு சுற்று ஆடிவிட்டு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறம்தான் தெரிந்தது, விரிப்பு தெரியவில்லை. என்னைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். நான் வாசற்படியில் மழையில் நின்றுகொண்டேன்.

புகையைப் பார்த்து அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தாள். பின்னாலேயே நைனா. அம்மா என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் பார்த்தாள்.

"தம்பி எங்கடி?"

"உங்கூடத்தான இருந்தான்."

"இங்கதான வரேன்னு வந்தான்."

இதைச் சொல்லும்போதே அம்மாவின் கண் மிசினுக்குப் போய்விட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவள் உள்ளே பாய்ந்தாள். அத்தை கதவுக்குக் குறுக்கே வந்து முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"தொற."

"அண்ணி, புள்ள உள்ள இல்ல."

"அன்னிக்கு ஏறுனான் இல்ல? நீ போன் பேசப் போனியா இல்லியா? தொறடி."

"போன் பேசிட்டு வந்து கைய வுட்டுத் துழாவிப் பாத்துட்டுத்தான் அண்ணி மூடுனேன். உள்ள துணிதான். தொறந்தா பத்திக்கும்."

அம்மா அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அத்தை நகரவில்லை. அம்மா அவள் தோளைக் கடித்தாள். என் அம்மாதான், அக்கம்பக்கத்தில் சண்டை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறவள். அத்தை அப்போதும் நகரவில்லை. தம்பி உள்ளே இருக்கிறானா இல்லையா என்று எனக்கும் தெரியாது. கண்ணாடியில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன், பார்க்கப் பயந்து மழையைப் பார்த்தேன், மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன்.

நைனா அத்தையை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"கைய எட்றா," என்றாள் அத்தை.

கூடப் பிறந்த அண்ணனை அவள் அப்படிக் கூப்பிட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. நைனா அவளைப் பார்த்தார். அம்மா, "தொறய்யா, எம் புள்ளய்யா, தொறய்யா," என்று அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

"புள்ள உள்ள இருந்திருந்தா, டிரம் சுத்தசொல்லோ மோதுற சத்தம் கேட்டிருக்கும் அண்ணா," என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். "எனக்குக் கேக்கல. நீ போயி குழாயைப் பாரு. பொகை ஏன் உள்ள திரும்புதுனு பாரு."

நைனா கையை எடுத்தார். எந்த நிமிஷத்தில் எதை நம்பி எடுத்தார் என்று அவரை நான் பிற்பாடு கேட்டதுண்டு. தெரியலம்மா என்றுதான் சொல்வார். வெளியே ஓடியவர் குழாயின் வாயைப் பார்த்து அப்படியே நின்றார். அவர் கட்டிய வலை முழுக்கக் கம்பளி மாதிரிப் பஞ்சு அப்பியிருந்தது. இடுக்குகளில் கங்கு மினுக்கியது. மடியிலிருந்த கத்தியால் முடிச்சை அறுத்து, கனன்றுகொண்டிருந்த அந்த மூட்டையைச் சேற்றில் இழுத்துப்போட்டு மிதித்தார். புகை குபுகுபுவென்று வெளியே போனது. உள்ளே கசிவது குறைந்தது.

ஆனால் கதவு மூடியே இருந்தது. அத்தை திறக்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டு தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தை அவளுக்கு மேலே, முதுகு கதவில் பட நின்றுகொண்டிருந்தாள். தொட்டால் கை பொரியும் சூடு அந்தக் கதவு.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கரைப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போகும் பக்கத்துத் தெரு அக்கா, இடுப்பில் எங்கள் தம்பியோடு வந்துகொண்டிருந்தாள். அவன் கழுத்துவரை சேறு. கையில் நூல் கட்டிய ஒரு நண்டு.

"எம் பின்னாலயே வந்துட்டான்க்கா. மழைல அனுப்ப வேணாம்னு வச்சிக்கினு இருந்தேன். இன்னா பொகை?"

அம்மா ஓடிப்போய் அவனைப் பிடுங்கினாள், ஓங்கி ஓர் அறை விட்டாள், பிறகு இறுக்கி அணைத்துக்கொண்டாள். அத்தை வாசல்வரை வந்து அவன் தலையைத் தொடக் கையை நீட்டினாள். அம்மா உடம்போடு திரும்பி, அவனை அந்தப் பக்கம் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வைய வேண்டியது நைனாவை. ஆனால் வலை கட்டியதற்காக அம்மா அவரை ஒரு வாரம் காய்ச்சி எடுத்துவிட்டு விட்டுவிட்டாள். அத்தையை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அத்தை கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு தடுப்பு வைத்து அங்கே படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்புவாள், குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து வைப்பாள். தூக்கிக்கொண்டு போவது நான். அந்த ஒரே டம்ளர் டீ மட்டும் எங்கள் வீட்டில் பிறகு கலக்கப்படவேயில்லை.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அத்தை சொன்னது சரிதானம்மா? தம்பி உள்ள இல்லியே."

"சரிதான். தப்புனு யாரு சொன்னா?" என்றாள் அம்மா. மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நா அங்க துடிச்சிக்கினு கெடக்கறேன். அவ கணக்குப் போட்டுக்கினு நிக்கறா. நெஞ்சுல ஈரம் இருந்தா அப்பிடி நிக்க வருமா? எனக்கு வராதும்மா."

அம்மா பார்க்காத ஒன்று உண்டு. அவள் தம்பியோடு வீட்டுக்குள் போன பிறகு நடந்தது அது.

புகை முழுக்க அடங்கி, கதவு கை வைக்கிற அளவுக்கு ஆறியதும் அத்தை அதைத் திறந்தாள். விரிப்புகள் ஓரங்களில் பழுப்பேறியிருந்தன, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. அவள் அவற்றை அள்ளிப்போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் விரித்து உதறினாள், மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள், தரையில் போட்டாள். எல்லாம் வெளியே வந்த பிறகு, இடுப்புவரை டிரம்முக்குள் நுழைந்து சுற்றிலும் உள்ளங்கையால் தடவினாள். மறுபடி தடவினாள். வீட்டுக்குள்ளிருந்து தம்பி நண்டைக் கேட்டு அழும் சத்தம் இங்கேவரை நன்றாகக் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

ஏதோ ஒரு தலையணை உறை காணவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் அவள் பக்கத்தில் குனிந்து தேடினேன்.